பின்வாசலில் எண்ணிய மூட்டைகள்

சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க அம்மிணி, எனக்கு எதிர்க்காத்து ஆகாது. பையி ஒண்ணும் இடிக்கலீங்களே? கனம் இல்லீங்க, உள்ள ஒரு மிதியடிதான், வாசப்படியில போடறது. பனியன் துணி பிட்டுல பின்னுனது. ரெண்டு மாசமா வச்சிருக்கேன், இன்னும் யாரும் கால் வைக்கல. எனக்குந்தான் வைக்க வரமாட்டேங்குது.

நீங்களும் சிங்காநல்லூர்தானுங்களா? நல்லதாப் போச்சு. காங்கயத்துல இருந்து ஒண்ணே முக்கா மணி நேரம் வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்க என்னால முடியாது. கையில பைலப் பாத்தாலே தெரியுது, பேங்கு வேலதானுங்க? இல்லீங்களா? டீச்சருங்களா? அட, பாருங்க. பதினோரு வருசமாப் பாத்தே சொல்ற வேல எனக்கு. உங்களப் பாத்துத் தப்பாச் சொல்லிப்போட்டேன்.

என்ன வேலைன்னு வெளிய சொல்லப்படாதுங்க. என்ற வீட்டுக்காரரு தறி ஓட்டறாரு, அவருக்கே முழுசாத் தெரியாது. உங்களுக்குச் சொல்லலாம். உங்களுக்கும் பனியன் கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அதுவுமில்லாம யாருகிட்டயாவது சொல்லலேன்னா இன்னிக்கு நான் சிங்காநல்லூர் போய்ச் சேர மாட்டேன் போல இருக்குதுங்க.

ஒரு பெரிய கம்பெனி ஒரு சின்னக் கம்பெனியில பாதிப் பங்கு வாங்கப் போகுதுன்னு வைங்க. சும்மா வாங்கிருவாங்களா? பையனுக்குப் பொண்ணு பாக்கறதுக்கே எட்டு எடத்துல விசாரிக்கறோம். அந்த மாதிரி கம்பெனிய விசாரிச்சுச் சொல்றதுக்குன்னே எங்க சார் கோயமுத்தூர்ல ஆபீசு வச்சிருக்காரு. கனகசபாபதி சார். படிச்ச பசங்க நாலு பேரு கம்ப்யூட்டர்ல உக்காந்து பேங்குப் பேப்பரு, வரிப் பேப்பரு, கோர்ட்டுல கேசு கீசு இருக்குதான்னு எல்லாத்தையும் அலசுவாங்க. ஆனா பேப்பரெல்லாம் முன்வாசலுங்க அம்மிணி. கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டு வச்சிருப்பாங்க. பின்வாசலப் பாக்கறது நானு.

செக்கிங்குக்குன்னு போய்ச் சேந்துக்குவேன். தெச்சு வந்த துணியில பிசிறு வெட்டி, ஓட்டை, கறை இருந்தா ஒதுக்கற வேல. எந்தக் கம்பெனி கேட்டப் பாத்தாலும் செக்கிங்குக்கு ஆள் தேவைன்னு போர்டு தொங்கும். அம்பத்தஞ்சு வயசுப் பொம்பளய எவன் சந்தேகப்படறான்? பத்து நாள் இருப்பேன். பதினோராம் நாள் எனக்கு முட்டி வலி வந்துரும், நின்னுக்குவேன். அப்பறம் கோயமுத்தூர் பஸ்ஸு ஏறிருவேன்.

சார் என்னையக் கண்டுபுடிச்சதே ஒரு கூத்துங்க. அப்ப நான் நெசமாவே ஒரு கம்பெனியில செக்கிங்கு. வெளிநாட்டுக்காரன் ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னால ஆளனுப்பிச் சுத்திப் பாப்பான். அன்னிக்கு மட்டும் எங்களுக்கெல்லாம் வாய்க்குத் துணி, தலைக்குக் குல்லா. முதலுதவி டப்பா நெறைய பஞ்சும் மருந்தும். சார் அந்தக் கூட்டத்தோட வந்தவரு. டப்பாவத் தொறந்து பாத்துட்டுத் திருப்தியா எழுதிக்கிட்டாரு. நான் பிசிறு வெட்டிக்கிட்டே, நேத்து வரைக்கும் அதுல சூபர்வைசரு சோத்து டப்பாதானுங்க இருந்துச்சுன்னேன். அன்னிக்குச் சாயங்காலமே எனக்கு வேல போச்சு. மறுநாள் சார் வேல குடுத்தாரு.

அவரு ஆபீசுல எனக்குன்னு ஒரு நாற்காலி உண்டுங்க. முப்பது வருசம் நின்னே வேல செஞ்ச காலு இது. அங்க உக்கார வச்சு, கண்ணாடி மாதிரி கிண்ணத்துல டீ குடுத்து, சொல்லுங்க மயிலாத்தாக்காம்பாரு. நான் சொல்லச் சொல்ல ஒரு புள்ள டைப் அடிக்கும். பசங்க அம்பது பக்கம் எழுதி வச்சிருப்பாங்க, என்றது ஒரே பக்கம். ஆனா கடைசியில சார் என்ற பக்கத்தத்தான் மேல வைப்பாரு. மயிலாத்தாக்கா சொன்னா மாத்துப் பேச்சு இல்லைன்னு பசங்க முன்னாலயே சொல்லுவாரு. நானும் மனுசிதானுங்களே, அதக் கேக்கறதுக்கு நல்லா இருக்கும்.

சார் ஒரே ஒரு விதிதான் சொல்லிக் குடுத்தாரு. அந்தக் கம்பெனிக்காரங்கள ஒரு கேள்வி கேக்கப்படாது. மொதலாளியையும் கேக்கப்படாது, ஆளுங்களையும் கேக்கப்படாது. கேட்டா உசாராயிருவாங்க, அப்பறம் அவங்க காட்டறதத்தான் நம்ம பாப்போம். கண்ணு மட்டும் போதும்பாரு. நானா ஒரு விதி வச்சுக்கிட்டேன். எதையும் வாங்கிக்கப்படாது. வாரக் கூலி வாங்கிக்குவேன், அது செஞ்ச வேலைக்கு. அதுக்கு மேல ஒரு மொழம் பூ கோட எந்தக் கம்பெனியிலயும் வாங்குனதில்ல. வாங்கிட்டா அப்பறம் நாக்கு நேரா நிக்காதுங்க.

நான் எதப் பாப்பேன்னு கேக்கறீங்களா? கேளுங்க, இது யாருக்கும் தெரியாது. நான் வேஸ்ட் மூட்டையப் பாப்பேன். துணிய வெட்டறப்ப ஓரம் கீரம் பிட்டு விழுகுமில்லீங்களா, அத மூட்டை கட்டிப் பின்கேட்டு வழியா வேஸ்ட் யாவாரிக்குப் போடுவாங்க. மொதலாளி ஆயிரம் ஆர்டரு இருக்குதும்பாரு, மிசினு சும்மாவே ஓடிட்டு இருக்கும், ஆளுங்க துணிய இங்க இருந்து அங்க அடுக்குவாங்க. ஆனா வெட்டாத துணிக்குப் பிட்டு விழுகாது. மூட்டைய மட்டும் எவனும் பொய்யாக் கட்ட மாட்டான். இது சாருக்குக் கோட நான் சொல்லித்தான் தெரியும். அம்பது கம்பெனிக்கு மேல மூட்டைய எண்ணியே சொல்லியிருக்கேன், ஒண்ணு தப்புனதில்ல. தப்புனதில்லைன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன்.

போன ஆடியில ஈஸ்வரமூர்த்தி கம்பெனிக்குப் போனேனுங்க. அவிநாசிபாளையம் பக்கம். கொழந்தைங்க துணி மட்டுந்தான் தெய்ப்பாங்க. நூத்து முப்பது பேரு, முக்காவாசி பொம்பளைங்க. கோயமுத்தூர்ப் பெரிய கம்பெனி ஒண்ணு பாதிப் பங்கு எடுத்துக்கிட்டு, ஒரு ஆளக் கோட நிறுத்தாம நடத்தறதாப் பேச்சு. ஈஸ்வரமூர்த்திக்கு அது வந்தாத்தான் கம்பெனி மேல ஏறும். அவரு சாதாரண மனுசனுங்க, அரைக்கைச் சட்டை, காலுல ரப்பர் செருப்பு. பவர் டேபிள் தையல் மிசின்ல டைலரு லீவுன்னா அவரே உக்காந்து தெச்சுருவாரு.

செக்கிங் மேசையில கலாமணின்னு ஒருத்தி. நாப்பது வயசு இருக்கும். மேசைக்கே அவதான் பெரியதனம். வாய் ஓயாது, கை அதுக்கு மேல ஓடும். போன மொத நாளே, வயசானவங்க நிக்கறீங்களேன்னு அவ ஸ்டூல என்ற பக்கம் தள்ளி விட்டா. நான் உக்காரலீங்க. மத்தியானம் கொள்ளுப் பருப்பு கடைஞ்சு கொண்டாந்து ஒரு கரண்டி வைக்க வந்தா. வேண்டாம் கண்ணுன்னுட்டேன். நீங்க என்னக்கா, ஒண்ணும் வாங்க மாட்டேங்கறீங்கன்னு சிரிச்சா. சிரிச்சா கன்னத்துல குழி விழுகும் அவளுக்கு.

பாத்ரூமு போற தடத்துலதான் பின்கேட்டு. நான் பதினோரு மணிக்கு ஒருக்கா, மூணு மணிக்கு ஒருக்கா போவேன். பத்து நாள்ல வேஸ்ட்காரன் வண்டியில ஏறுனது பதினோரு மூட்டைங்க. நூத்து முப்பது பேரு ஒண்ணரை ஷிப்டு வேல செய்யற எடம், நாப்பதுக்குக் கொறையப்படாது. வெறும் பதினொண்ணு. வேஸ்ட்காரன் வெளியாளுதானுங்களே, அவன்கிட்டப் பேச்சுக் குடுத்தேன். ஆறு மாசமாவே இப்படித்தான், இந்தக் கம்பெனிய நம்பி வண்டி எடுத்தா டீசலுக்கே பத்தலைன்னு சலிச்சுக்கிட்டான்.

அது மட்டும்னாக்கோட நான் யோசிச்சிருப்பேன். ரெண்டு சனிக்கிழமையும் வேல விடற நேரத்துல பின்கேட்டுல ஒரு சரக்கு ஆட்டோ வந்து நிக்குது. அதுல எட்டு மூட்டை ஏறுது. வேஸ்ட்காரன் ஆட்டோ இல்ல அது. மொதலாளியே நின்னு ஏத்தி விடறாரு, ரோட்டு ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே. கலாமணியும் இன்னும் ஆறேழு பொம்பளைங்களும் அதே ஆட்டோவுல தொத்திக்கிட்டுப் போறாங்க. இதப் பாத்தா நீங்க என்ன நெனைப்பீங்க? சொல்லுங்க, நீங்க படிச்சவங்க. நல்ல துணியத் திருட்டுத்தனமா வெளிய கடத்தறாரு, ஆளுங்களுக்கும் அதுல பங்கு இருக்குதுன்னுதானுங்களே?

ஒம்பதாம் நாள் கலாமணி என்ற காதுகிட்ட வந்தா. "அக்கா, உங்களுக்கும் ஒரு மூட்டைக்குச் சொல்லட்டுங்களா? மொதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

என்ன மூட்டைன்னு நான் கேக்கோணுமில்லீங்களா? ரெண்டு வார்த்த. எந்தக் கிறுக்கியும் கேட்டிருப்பா. எனக்கு எதுவும் வேண்டாம் கண்ணுன்னேன். அவ மூஞ்சி கொஞ்சம் சின்னதாப் போச்சு. நான் என்ற கத்தரியக் குனிஞ்சு பாத்துக்கிட்டேன். அன்னிக்கு எனக்குப் பெருமையா இருந்துச்சுங்க அம்மிணி. அத்தன பேரும் திங்கறாங்க, நான் ஒருத்தி தொடலைன்னு.

பல்லடம் வந்திருச்சுங்களா? தண்ணி வேணும்னா இங்க வாங்கிக்குங்க, அஞ்சு நிமிசம் நிக்கும். நான் எறங்கல. இங்க எறங்கிரலாமான்னு ஒரு நெனப்பு வந்துச்சு. இல்ல, இல்ல, சும்மாச் சொன்னேன்.

சார்கிட்டப் போயி எல்லாத்தையும் சொன்னேன். நல்லதையும் சொன்னேனுங்க, மறைக்கல. பாத்ரூம்ல தண்ணி இருக்குது, சனிக்கிழமை சனிக்கிழமை கூலி வந்துருது, வயசு பத்தாத புள்ளைங்க யாரும் வேலைல இல்ல, சூபர்வைசரு வாயில கெட்ட வார்த்த இல்ல. அப்பறம் மூட்டையச் சொன்னேன், ஆட்டோவச் சொன்னேன். சரிக்கா, மொத்தத்துல எப்படின்னாரு சார். காத்து எறங்குன கம்பெனிங்க சார்னேன். அந்தப் புள்ள அதையும் அப்படியே டைப் அடிச்சுது. நான் பொய் சொல்லலீங்க. ஒரு எழுத்து பொய் இல்ல. பாத்ததத்தான் சொன்னேன்.

ஒரே வாரம். கோயமுத்தூர்க் கம்பெனி வேண்டாம்னுருச்சு. ஏன்னு ஈஸ்வரமூர்த்திக்கு யாரும் சொல்லல. சொல்ற வழக்கம் இல்லீங்க. பெரிய கம்பெனியே பின்வாங்கிருச்சுன்னா உள்ள என்னமோ இருக்குதுன்னு ஊரு பேச ஆரம்பிச்சுருமில்ல? நூல் குடுக்கறவன் யோசிச்சான், ஆர்டர் குடுக்கறவன் வேற எடம் பாத்தான். தீபாவளிக்கு முன்னால கேட்டுக்குப் பூட்டுப் போட்டாச்சு. பாத்தீங்களா, நான் சொன்ன மாதிரியே ஆயிருச்சுன்னு சார் சொன்னாரு. எனக்கும் அப்படித்தானுங்க தோணுச்சு. நம்ம கண்ணு சரியாத்தான் பாத்திருக்குதுன்னு.

தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வெள்ளகோயில் சந்தைக்குப் போயிருந்தேன். மயிலாத்தாக்கான்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா கலாமணி. கீழ சாக்கு விரிச்சு மிதியடி அடுக்கி வச்சு யாவாரம் பண்றா. அந்த மிதியடிய இப்பப் பாருங்க, இதுதான். இந்த மஞ்ச வாத்துப் படம் தெரியுதுங்களா? அந்தக் கம்பெனித் துணிங்க. இந்த வாத்துல ஆயிரத்துக்குப் பிசிறு வெட்டியிருப்பேன் நானு.

எடம் ஒதுக்கி உக்கார வச்சா. இந்தத் தடவை உக்காந்தேன். அவளாச் சொன்னா, நான் ஒண்ணும் கேக்கல. அதுக்கு முந்துன வருசம் ரெண்டு மாசம் ஆர்டரே இல்லாமப் போச்சாம். ஈஸ்வரமூர்த்தி பாதிக் கூலிதான் குடுக்க முடிஞ்சுதாம். பொம்பளைங்க ஒருத்தி கோட வேற கம்பெனிக்குப் போகல. வேல திரும்பி வந்தப்ப அவரு சொன்னாராம், பிட்டுத் துணிய இனி முழுசா வேஸ்ட்டுக்குப் போடல, பாதிக்கு மேல நீங்களே எடுத்துக்குங்க, என்னால ஆனது இதுதான்னு. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை முறை வச்சு மூட்டை எடுத்துட்டுப் போயி, மிதியடி பின்னி, தலகாணிக்கு அடைச்சு வித்திருக்காங்க. வேஸ்ட்காரனுக்குத் தெரிஞ்சா எனக்குப் பேசுன பிட்டுன்னு சண்டைக்கு வருவான்னுதான் ரோட்டப் பாத்துப் பாத்து ஏத்தியிருக்காரு.

அப்பவும் கணக்கு ஒதைக்குதேன்னு என்ற மனசு அங்கயும் மூட்டைய எண்ணுது பாருங்க. பதினொண்ணும் பதினாறும் இருவத்தேழு, நாப்பதுக்கு இன்னும் பதிமூணு எங்கன்னு. அதுவும் அவ வாயிலயே வந்துச்சு. புதுசா ஒரு கட்டிங் மேஸ்திரி வந்தாராம், துணிய நெருக்கி நெருக்கி வெட்டறதுல கையெடுத்துக் கும்புடற ஆளு. பிட்டே ரொம்ப விழுகறதில்லையாம். துணி இத்தன மிச்சமாகுதேன்னு மொதலாளி அவருக்கு வேட்டி சட்டை எடுத்துக் குடுத்தாராம். மூட்டை நல்லதுக்கும் கொறையுமுங்க அம்மிணி. முப்பது வருசம் பனியன் கம்பெனியில கெடந்தவ நானு, எனக்கு அது தோணல.

நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. எவன் கண்ணு பட்டுச்சோக்கா, அத்தன பேரு பொழப்பும் போச்சுன்னு அவ சொல்றா. நான் ஆமாங் கண்ணுங்கறேன். ஈஸ்வரமூர்த்தி இப்ப எங்கன்னு மட்டும் கேட்டேன். சம்சாரத்தோட ஊருக்கு, மாமனாரு வீட்டுக்கே போயிட்டாருன்னா. அதுக்கு மேல எனக்குக் கேக்க வரல.

எந்திரிக்கறப்ப அவ இந்த மிதியடிய எடுத்து என்ற கையில வச்சா. காசு எடுக்கப் போனேன், கையப் புடிச்சுக்கிட்டா. "அங்கதான் எதுவுமே வாங்கிக்கல. இதையாவது வாங்கிக்குங்கக்கா."

வாங்கிக்கிட்டேன். பதினோரு வருசத்துல மொத தடவை. அப்பறம் அவ கேட்டா, நீங்க போற பக்கம் எங்கயாச்சும் எனக்கும் ஒரு வேல சொல்லுங்கன்னு. இந்தச் சந்தை யாவாரம் அரிசிக்கே பத்தலைன்னு. இருக்கறதச் சொல்லிரலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லி என்ன ஆகப் போகுது? பூட்டுன கேட்டு தொறக்குமா? நான் நல்லது செய்யலாம்னு நெனச்சேன். சார் அடுத்தாப்பல என்னைய எங்க அனுப்பறாரோ அங்க இவளையும் சேத்து விட்டுட்டா மனசு கொஞ்சம் ஆறும்னு நெனச்சேனுங்க.

இந்த மாசம் சார் அனுப்புன கம்பெனி காங்கயத்துலயே, தாராபுரம் ரோட்டுல. அப்பா செத்த பின்னால ஒரு பொண்ணு எடுத்து நடத்துது. தொண்ணூறு பேரு. அதே கோயமுத்தூர்க் கம்பெனிதான் இதையும் கேக்குது. கலாமணியக் கூட்டிட்டுப் போயி செக்கிங்ல சேத்து விட்டேன். ரெண்டு பேரும் ஒரே மேசை. அவளுக்கு அத்தன சந்தோசம். மறுநாளே கொள்ளுப் பருப்பு. நானும் வாங்கித் தின்னேன்.

பத்து நாள்ல எத்தன மூட்டை போச்சுன்னு நெனைக்கறீங்க? ஒம்பது. இருவத்தஞ்சு போகோணும். ஒம்பதுதான் போச்சு.

இப்ப நான் என்ன சொல்லட்டும்? காத்து எறங்குன கம்பெனின்னு சொன்னா, கலாமணி திரும்பவும் சந்தைக்குப் போயிச் சாக்கு விரிக்கோணும், மத்த எம்பத்தொம்பது பேரும் எங்க போவாங்களோ. நல்லா நடக்குதுன்னு சொல்லி, அது நெசமாவே மூழ்கற கம்பெனியா இருந்துச்சுன்னா? நம்பிப் பங்கு எடுக்கறவன் தலையில துண்டு, சாருக்குப் பேரு போச்சு, பதினோரு வருசம் நான் சொன்னதெல்லாம் என்னன்னு ஆயிரும். எனக்கு இப்பத் தெரியலீங்க அம்மிணி. மூட்டையப் பாக்கறேன், அது என்னன்னு தெரியல. கண்ணு பாக்குது, ஆனா பாத்தத நம்ப முடியல.

இருங்க, போனு அடிக்குது. சார்தான். காலைல இருந்து மூணாவது தடவை. நீங்க எடுத்து, அந்தம்மா தூங்கறாங்கன்னு சொல்லீர்றீங்களா? வேண்டாம், வேண்டாம். நீங்க டீச்சரு, உங்களப் போயிப் பொய் சொல்லச் சொல்றேன் பாருங்க. அடிச்சு ஓயட்டும்.

நேத்து பதினோராம் நாளு. வழக்கம் மாதிரி முட்டி வலி வந்திருச்சு. மேசையில எல்லாருகிட்டயும் சொல்லிட்டுக் கெளம்பறேன். கலாமணி என்ற சாப்பாட்டுப் பையத் தூக்கிக்கிட்டுக் கேட்டு வரைக்கும் கோட வந்தா. வழியெல்லாம் ஒண்ணும் பேசல. அவ பேசாம நடந்து நான் பாத்ததே இல்ல.

கேட்டுகிட்ட வந்து நின்னா. "அங்கயும் பதினோராம் நாள்தானுங்கக்கா உங்களுக்கு முட்டி வலி வந்துச்சு."

வயசாச்சில்ல கண்ணுன்னேன். சிரிக்கப் பாத்தேன், வரல.

"அங்கயும் பின்கேட்டுல நின்னு மூட்டைய எண்ணுனீங்க. இங்கயும் எண்ணறீங்க. எண்ணறப்ப உங்களுக்கு உதடு அசையுதுக்கா."

வாட்ச்மேன் பாத்துக்கிட்டு இருக்கான். அவ கோவமாச் சொல்லல. திட்டியிருந்தாக்கோட வாங்கிட்டு வந்திருப்பேன். பைய என்ற கையில குடுத்தா. பைக் காது சரியா இருக்குதான்னு பாத்து, அவளே முடிச்சுப் போட்டுக் குடுத்தா.

"இந்தத் தடவையாவது எங்களக் கேட்டுட்டுச் சொல்லுங்கக்கா."

அவ்வளவுதான். உள்ள போயிட்டா.

அப்ப இருந்து ஒண்ணே ஒண்ணுதான் மண்டையக் கொடையுது. எப்பத் தெரிஞ்சுது அவளுக்கு? இந்தப் பத்து நாள்லதான் தெரிஞ்சுதா, இல்ல சந்தையிலயே தெரியுமா? தெரிஞ்சுதான் எவன் கண்ணு பட்டுச்சோன்னு என்ற மூஞ்சியப் பாத்துச் சொன்னாளா? தெரிஞ்சுதான் காசு வாங்காமக் கையில வச்சாளா? வீட்டுல இத விரிக்கறேன், சுருட்டறேன். வாத்தப் பாத்தா அவ பாக்கற மாதிரி இருக்குது. சரி, தெரியும்னே வைங்க. தெரிஞ்சும் எதுக்கு எனக்குக் கொள்ளுப் பருப்பு வச்சா?

நானும் சும்மா இல்லீங்க, எனக்கும் கேக்க இருக்குது. அவ முன்னாலயே சொல்லியிருக்கலாமில்ல? ஒம்பதாம் நாள், மூட்டை வேணுமாங்கறப்பவே, இன்ன மாதிரி மொதலாளி எங்களுக்குக் குடுக்கறாருன்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருந்தா எனக்கு என்ன தெரியாமயா போயிருக்கும்? நான் கேக்கலைன்னா அவ சொல்லப்படாதா? அவ மேலயும் தப்பு இருக்குதுங்க. சார் மேலயும் இருக்குது, கேக்காத கேக்காதன்னு சொல்லி வச்சாரு. எல்லாருமாச் சேந்து செஞ்சுட்டு, மூட்டைய எண்ணுனவ ஒருத்தி தலையில...

என்னங்க அம்மிணி? கேளுங்க, எதோ கேக்க வந்தீங்க.

அவகிட்ட என்ன பதில் சொன்னேன்னா?

ஒண்ணும் சொல்லலீங்க. அவ உள்ள போனதும் அந்தப் பக்கமா டவுன் பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன்.

அப்பறம் கேட்டேனான்னா? எங்கீங்க கேட்டேன். இன்னிக்குக் காலைல அந்தக் கம்பெனி வழியாத்தான் காங்கயம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். கேட்டு தொறந்திருந்துச்சு. ஒம்பது மணி டீக்கு எல்லாரும் வெளிய நின்னாங்க, அவளும் நின்னா. பஸ்ஸு சன்னல் வழியாப் பாத்தேன். அவ என்னையப் பாத்தாளான்னு தெரியல. எறங்கி ரெண்டு நிமிசம் நின்னு, மூட்டை ஏன் கண்ணு ஒம்பதுதான் போகுதுன்னு கேட்டிருந்தா அவ சொல்லியிருப்பா. இல்ல, அந்தப் பொண்ணு உக்காந்திருக்கற ரூமுக்குள்ள போயி, அம்மிணி, நான் இன்னாரு, உன்ற கம்பெனிய வேவு பாக்க வந்தவ, நெசத்தச் சொல்லு சாமின்னு கேட்டிருந்தா அடிச்சா தொரத்தப் போகுது? தொரத்துனாத்தான் என்ன?

கேட்டுட்டுச் சொல்லுங்கன்னு வாய் விட்டுச் சொன்னாளுங்க. நான் கேக்காமயே பஸ்ஸு ஏறிட்டேன்.

மறுபடியும் அடிக்குது பாருங்க. இருங்க, நானே எடுக்கறேன்.

அலோ, சார். ஆமாங்க சார், மயிலாத்தாதான். வந்துட்டுத்தான் இருந்தேனுங்க. இல்லீங்க, இன்னும் முடியல. பத்து நாள் முடிஞ்சுதுங்க, வேல முடியல. அது எப்படின்னா... பங்கு வாங்கறவங்க வந்து உக்காந்திருந்தா உக்காந்திருக்கட்டுங்க சார். காப்பி குடுங்க. எனக்கு இன்னொரு ஆளக் கேக்க வேண்டியிருக்குது. ஆமாங்க, கேக்கோணும். தெரியுமுங்க, நீங்க சொன்னதுதான். நீங்க சொன்னதத்தானுங்க சார் பதினோரு வருசமாச் செஞ்சேன். அலோ. அலோ, சார்.

வச்சுட்டாரு.

அந்த நாற்காலி இன்னியோட போச்சுங்க. போகட்டும். இல்ல, போகட்டும்னு வாயிலதான் சொல்றேன். கேட்டாலும் அவ சொல்லுவாளோ என்னமோ. சொல்லி, அது நல்லது இல்லாம கெட்டதா இருந்துச்சுன்னா அதையுந்தான் நான் சார்கிட்டச் சொல்லோணும். அதையும் அவகிட்டயே சொல்லிட்டுத்தான் சொல்லோணும். எப்படிச் சொல்லப் போறேனோ.

இது என்ன ஊருங்க, சூலூருங்களா? கண்டக்டர் தம்பி, ஒரு நிமிசம் நிறுத்துப்பா. சிங்காநல்லூர் டிக்கெட்டுத்தான், பரவால்ல, நான் இங்கயே எறங்கறேன். பைய எடுத்துக்கறேன், கொஞ்சம் காலத் தள்ளுங்க அம்மிணி. அந்த மிதியடி, அதக் குடுங்க, அது எனக்குக் குடுத்தது.

ஏனுங்க, எதுத்தாப்பல நின்னா காங்கயம் பஸ்ஸு நிக்குமுங்களா?